குறிஞ்சியும் ஈரற்செடியும்

ஒன்றை உயர்ந்தது என்றும் மற்றொன்றைத் தாழ்ந்தது என்றும் சொல்லும்பொழுது நாம் உண்மையில் என்ன சொல்கிறோம்? இக்கேள்வியை நான் எந்தக் கிதாபிலிருந்தும் எடுக்கவில்லை. குன்னூரில் நான் ஓதிக்கொடுத்துவந்த ஒரு மதரஸாவில், ஒரு சிறுவனிடமிருந்து இது எனக்கு வந்தது. வந்த அன்று அதை ஒரு கேள்வியாகவே நான் மதிக்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அது 2006ஆம் ஆண்டு. மூணாறு மலைகளில் குறிஞ்சி பூத்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அம்மலரைப் பற்றித்தான் பேருந்துகளிலும் தேநீர்க் கடைகளிலும் பேச்சாக இருந்தது. நானும் வகுப்பில் அதையே உவமையாக எடுத்தாண்டேன். "பதினோரு ஆண்டுகள் எவரும் திரும்பிப் பாராத புதராக நிற்கிறது. உள்ளுக்குள் சேர்த்துவைக்கிறது. பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு மலையையே நீலமாக்கிவிடுகிறது. ஓதுகின்ற பிள்ளையும் அப்படித்தான் இருக்க வேண்டும்" என்றேன். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். என் பேச்சில் எனக்கும் மகிழ்ச்சி உண்டாயிற்று.

மறுநாள் காலை ஒரு சிறுவன், ஈர மண்ணோடு பெயர்த்த ஒரு பச்சைத் துண்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றான். ஸர்பு பாடத்தில் வினைத்திரிபுகளை ஒப்பிக்க வரும்பொழுதெல்லாம் நடுவில் தடுமாறி நின்றுவிடும் பிள்ளை அவன். பின்புறச் சுவரில், நீர் கசியும் கற்களுக்கிடையில் அதை எடுத்திருந்தான். "ஹஜ்ரத், இது எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும்?" என்று கேட்டான்.

"இது பாசி. பூக்காது. கீழ்த்தரமான செடி. நீயும் இதைப் போலத்தான், எத்தனை வருஷம் ஓதினாலும் பூக்கப்போவதில்லை" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவன் அந்தத் துண்டைச் சன்னல் வழியே வெளியே போட்டுவிட்டு இடத்தில் போய் அமர்ந்தான். அதன் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

நான் சொன்ன சொற்களில் எத்தனை பிழைகள் இருந்தன என்பதை அறிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. முதற்பிழை, அது பாசி அன்று. நம் மொழி வழக்கில் குளத்து நீரில் படர்வதும், பாறையில் மெத்தென்று வளர்வதும், சுவரில் ஒட்டிக்கிடப்பதும் எல்லாம் பாசிதான். தாவர நூலோர் அவற்றைப் பிரித்து அறிகிறார்கள். அவன் கொண்டுவந்தது மார்க்கான்ஷியா எனப்படும் ஈரற்செடி. தரையோடு தரையாகப் படிந்து, இரண்டிரண்டாகப் பிரிந்து செல்லும் தட்டையான பச்சை நாடா அது. அதில் தண்டு என்றும் இலை என்றும் பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. வேருக்குப் பதிலாக மெல்லிய இழைகள் மட்டுமே உண்டு. நீரை மேலே ஏற்றும் குழாய்களும் இல்லாமையால், அது ஈரத்தை விட்டு விலகி நிமிர முடியாது.

அதன் முதுகில் சிறுசிறு கிண்ணங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கிண்ணத்திலும் பச்சை வில்லைகள் பல. மழைத்துளி கிண்ணத்துக்குள் விழும் வேகத்தில் அவ்வில்லைகள் தெறித்துச் சற்றுத் தொலைவில் போய் விழுகின்றன. விழுந்த இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு புதுச் செடியாகின்றது. இது போக, பருவத்தில் சிறு குடைகளைப் போன்ற உறுப்புகளையும் அது எழுப்புகிறது. ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. ஆண்செடியின் அணு, மழை விட்டுச்சென்ற மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்திச் சென்றே பெண்செடியின் கருவை அடைய வேண்டும். நீலகிரியின் தென்மேற்குப் பருவமழை நமக்குச் சளியும் காய்ச்சலுமாக வந்து சேர்கிறது. அச்செடிக்கோ அது மணவிழாக் காலம்.

இனிக் குறிஞ்சியைப் பாருங்கள். சோலைக் காடுகளுக்கு வெளியே, காற்று வீசும் திறந்த புல்வெளிச் சரிவுகளில் வளரும் புதர் அது. நீலகிரி என்னும் பெயரே அம்மலரின் நிறத்தால் வந்தது என்று சொல்வாரும் உண்டு. அது ஆழ வேரூன்றுகிறது; குழாய்களால் நீரை ஏற்றுகிறது; நிமிர்ந்து நிற்கிறது. பன்னிரண்டாம் ஆண்டில் சரிவு முழுவதும் ஒன்றாகப் பூத்து, தேனீக்களை அழைத்து, விதையை உதிர்த்து, அத்துடன் மடிந்துபோகிறது. ஈரற்செடி விதை என்பதையே அறியாது. பூக்கும் தாவரங்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் இனங்கள். ஈரற்செடிகளோ ஏழாயிரத்துச் சொச்சம் இனங்கள். இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் எது மேல், எது கீழ் என்று எவரும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

அப்படிச் சொல்வதற்கு எனக்குப் பழைய நூல்களின் துணையும் இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த 'இக்வானுஸ் ஸஃபா' என்னும் அறிஞர் குழுவினர், படைப்புகளை ஓர் ஏணியாக அடுக்கிக் காட்டினார்கள். கனிமங்கள், அவற்றுக்கு மேல் தாவரங்கள், அவற்றுக்கு மேல் விலங்குகள். தாவரங்களின் கடைசிப் படியில் அவர்கள் வைத்தது 'கள்ராவுத் திமன்' என்பதை. கல்லிலும் குப்பையிலும் படிந்த தூசி, மழையில் நனைந்து விடியலில் பச்சையாகித் தோன்றி, நண்பகல் வெயிலில் காய்ந்துபோவது அது. முதற்படியில் வைத்தது பேரீச்ச மரத்தை. 1377இல் தம் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூனும் இதே ஏணியைக் காட்டுகிறார். விதையற்ற பூண்டுகள் அவருக்குக் கீழ்ப்படி. பேரீச்சையும் திராட்சையும் மேற்படி. நம் தொல்காப்பிய மரபியலோ புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. நான் அரபு நூல்களின் ஏணியைக் கைக்கொண்டேன். பள்ளிப் பாடநூல்களும் 'உயர் தாவரம்', 'தாழ் தாவரம்' என்றே சொல்லிவந்தன.

ஆனால் அப்பெரியோர்கள் ஏணியை எதற்காகக் காட்டினார்கள் என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. படைப்பில் எங்கும் இடைவெளி இல்லை, ஒரு படியின் இறுதி அடுத்த படியின் தொடக்கத்தைத் தொட்டு நிற்கிறது என்று காட்டவே அவர்கள் அதை எழுப்பினார்கள். கீழ்ப்படியில் உள்ளதை எள்ளி நகையாடுவதற்காக அன்று. அவர்களுக்கும் முன்னர், ஒன்பதாம் நூற்றாண்டில் அதே பஸராவைச் சேர்ந்த அல்ஜாஹிழ், தம் 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில், மிகச் சிறிய உயிரில் காணப்படும் நுட்பம் பெரிய உயிரில் காண்பதற்குக் குறைந்ததன்று என்னும் கருத்தை வலியுறுத்தியிருக்கிறார். இவற்றையெல்லாம் ஓதியிருந்த நான்தான் அவனைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன்.

இன்றைய அறிவியல் அந்த ஏணியையே எடுத்துவிட்டது. நிலத்தில் தாவரங்கள் வாழ்ந்ததற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகள், ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நுண்வித்துகள். பூக்கும் தாவரங்களின் உறுதியான புதைபடிவங்கள் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இதைக் கேட்டவுடன், ஈரற்செடி பாட்டனார், குறிஞ்சி பேரப்பிள்ளை என்று எண்ணத் தோன்றும். அதுவும் சரியன்று. இன்று சுவரில் இருக்கும் ஈரற்செடி குறிஞ்சிக்கு மூதாதை அன்று. இரண்டுக்கும் பொதுவான ஒரு மூதாதையிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. ஈரற்செடியும் மற்றப் பாசியினங்களும் ஒரு வழியில் வந்தன. குழாயுள்ள தாவரங்கள் மற்றொரு வழியில் வந்தன. இரண்டும் நடந்துவந்த காலம் ஒன்றுதான். ஆகவே ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டது என்றோ, மற்றொன்று வழியை முடித்துவிட்டது என்றோ சொல்ல இடமில்லை. 2017இல் மார்க்கான்ஷியாவின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டு வெளியானது. பூச்செடிகளில் பல படிகளாகப் பெருகிக் கிடக்கும் கட்டுப்பாட்டு மரபணுக்கள் பல, இதில் ஒன்றிரண்டாக எளிய நிலையில் இருப்பது தெரிந்தது. ஒரு செடி எப்படி வளர்கிறது என்பதை அறிய விரும்பும் ஆய்வாளர்கள் இன்று இதைத் தேடி வளர்க்கிறார்கள்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. தாவரங்களின் வாழ்வில் இரண்டு தலைமுறைகள் மாறிமாறி வருகின்றன. ஒன்று நுண்வித்துகளை உண்டாக்கும் தலைமுறை. மற்றொன்று ஆணணுவையும் பெண்கருவையும் உண்டாக்கும் தலைமுறை. ஈரற்செடியில் நாம் காணும் பச்சை உடல் இந்த இரண்டாவது தலைமுறை. முதலாவது தலைமுறை அதன்மேல் ஒட்டி, அதனிடமே உணவு பெற்றுச் சிறியதாக வாழ்ந்து மறைகிறது. குறிஞ்சியில் இது தலைகீழ். நாம் காணும் புதர் முழுவதும் வித்து உண்டாக்கும் தலைமுறை. ஈரற்செடியின் பச்சை உடலுக்கு நேரான அந்த இரண்டாவது தலைமுறை எங்கே போயிற்று? அது சில அணுக்களாகச் சுருங்கி, மகரந்தத் தூளினுள்ளும் பூவின் சூலினுள்ளும் ஒளிந்திருக்கிறது. மலையையே நீலமாக்கும் குறிஞ்சி, தன் ஒவ்வொரு பூவின் மிக அந்தரங்கமான இடத்திலும், சுவரோரத்துச் செடியின் நிலைக்கு நேரான ஒன்றைத் தாங்கி நிற்கிறது. அது இன்றேல் விதையும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா? வேறுபாடே இல்லையா?" என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. நாம் உண்ணும் சோறும், உடுத்தும் பருத்தியும், நீலகிரியில் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்யும் தேயிலையும் பூக்கும் தாவரங்கள் தந்தவை. ஈரற்செடி எந்தக் குடும்பத்துக்கும் ஒரு வேளைச் சோறு போட்டதில்லை. நீரை விட்டு நெடுந்தொலைவு சென்று வாழும் ஆற்றலை விதை கொடுத்தது. ஈரற்செடிக்கு அது இல்லை. இதை மறைத்துவிட்டு எல்லாம் சமம் என்று சொல்வது அன்பும் அன்று, அறிவும் அன்று.

ஆனால் 'மேல்', 'கீழ்' என்னும் ஒரே சொல்லில் நாம் மூன்று பொருள்களைக் கலந்துவிடுகிறோம். ஒன்று வரிசை, முன்னே வருவது எது, பின்னே வருவது எது என்பது. மற்றொன்று வல்லமை, எதனால் எதைச் செய்ய முடியும் என்பது. மூன்றாவது மதிப்பு, எதை நாம் மதிக்க வேண்டும், எதை மிதிக்கலாம் என்பது. முதல் இரண்டையும் அளந்து சொல்லலாம், அளப்பதில் குற்றமில்லை. ஆனால் அவற்றை அளந்த கையோடு மூன்றாவதையும் அளந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோமே, அங்கேதான் வழுக்குகிறது. அந்தச் சிறுவனுக்கு ஸர்பு வரவில்லை என்பது உண்மை. அதை அவனிடம் சொல்வது ஆசிரியனாகிய என் கடமையுங்கூட. அதிலிருந்து 'நீ பூக்கப்போவதில்லை' என்பதற்கு நான் தாவியதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

வல்லமையை அளப்பதிலும் நாம் எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். உதகமண்டலத்துத் தாவரவியல் பூங்காவை அறியாதவர் இருக்க முடியாது. கோடைகால மலர்க்காட்சிக்கு ஆண்டுதோறும் மக்கள் திரளும் அந்தப் பூங்காவை உருவாக்கியவர், 1848இல் அங்கு வந்த வில்லியம் கிரஹாம் மெக்கைவர் என்னும் தோட்டக் கலைஞர். அவர் அதற்கு முந்திய ஆண்டில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பிரிட்டனின் ஈரற்செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, பெயரிட்டு ஒரு தொகுப்பாக வெளியிட்டிருந்தார். நீலகிரியின் மலர்த் தோட்டத்தை அமைத்த கண்கள், முதலில் பூக்காத செடியைக் குனிந்து பார்த்துப் பழகிய கண்கள்.

1860இல் நீலகிரியில் சின்கோனா மரங்கள் பயிராகத் தொடங்கியபொழுதும் பொறுப்பு அவருடையதாக இருந்தது. அம்மரத்தின் பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா எடுத்தார்கள். பட்டையை முழுவதும் உரித்தால் மரம் சாகும். மெக்கைவர் பட்டையைக் கீற்றுக் கீற்றாக மட்டும் உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் பொதிந்து கட்டினார். அதன் அடியில் புதுப்பட்டை வளர்ந்தது. அப்பட்டையில் மருந்துச் சத்து முன்னிலும் மிகுந்திருந்தது. கீழ்த்தரம் என்று நாம் ஒதுக்கும் பாசி, உயர்ந்த மரத்தின் புண்ணுக்குப் போர்வையாயிற்று. நம் நாட்டிலும் லாகூரில் பேராசிரியராயிருந்த சிவராம் காஷ்யப், மேற்கு இமயத்தின் ஈரற்செடிகளைப் பற்றி 1929இலும் 1932இலும் இரண்டு பகுதிகளாக நூல் வெளியிட்டார். ஓர் அறிஞரின் வாழ்நாளை நிறைக்கும் அளவுக்கு அச்செடியில் பொருள் இருந்தது.

தேயிலையையும் பாருங்கள். அது பூக்கும் தாவரம். விட்டுவிட்டால் மரமாக வளர்ந்து, மஞ்சள் மகரந்தம் நிறைந்த வெண்ணிறப் பூக்களைப் பூக்கும். தோட்டத்தில் அதை இடுப்பளவுக்கு வெட்டி, கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி, பெரும்பாலும் பூக்கவிடாமலே வைத்திருக்கிறோம். அந்தச் செடியின் விலை பூவில் இல்லை, கொழுந்தில் இருக்கிறது. பூப்பதே உயர்வு என்றால், நம் மலைகளை நிறைத்திருக்கும் இத்தனை செடிகளும் தோற்றவை என்றாகும். அப்படி எவரும் சொல்வதில்லை. ஆகவே பூவை அளவுகோலாக எடுத்ததும் நாம்தான், வேண்டியபொழுது அதைக் கீழே வைத்ததும் நாம்தான்.

இவற்றைப் படித்தறிந்த பிறகு நான் மற்றொரு பிழையும் செய்தேன். ஈரற்செடியைப் புகழத் தொடங்கினேன். அதன் பணிவைப் பாருங்கள், தரையோடு தரையாகக் கிடக்கும் அதன் தாழ்மையைப் பாருங்கள் என்று சில ஆண்டுகள் பேசிவந்தேன். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். பின்னர்தான் அதிலுள்ள பொய் தெரிந்தது. ஈரற்செடிக்குப் பணிவு இல்லை. குறிஞ்சிக்கு ஆணவமும் இல்லை. தனக்குக் கொடுக்கப்பட்டபடி ஒவ்வொன்றும் வாழ்கிறது. பேசாத பிள்ளையை 'அடக்கமான பிள்ளை' என்று புகழ்வதும் இந்த வகையைச் சேர்ந்ததே. என் மாணவன் அடக்கத்தால் பேசாமல் இருக்கவில்லை. என்னிடம் அஞ்சிப் பேசாமல் இருந்தான். அந்த அச்சத்தை அடக்கம் என்று பெயரிட்டு அழைத்தால், என் குற்றம் அவனுடைய நற்பண்பாக மாறிவிடும்.

நம் வீடுகளில் இது அன்றாடம் நடக்கிறது. மேடையேறிக் கிராஅத் ஓதும் பிள்ளையை விருந்தினர் முன் அழைத்து நிறுத்துகிறோம். கடையைப் பெருக்கி, வாப்பாவின் கணக்கைச் சரிபார்த்து, உம்மாவின் மருந்துச் சீட்டை நினைவு வைத்திருக்கும் பிள்ளையை உள்ளிருந்து தேநீர் கொண்டுவரச் சொல்கிறோம். "உன் காக்காவைப் பார்" என்று ஒரு சொல்லும் சொல்லிவிடுகிறோம். காக்காவின் திறமையைச் சொன்னதில் தவறில்லை. காக்காவின் பூவைக் கொண்டு தம்பியை அளந்ததுதான் தவறு. செடிக்கு நம் சொல் கேட்காது. அதனால் அது நம் சொல்லால் வாடுவதில்லை. பிள்ளைக்குக் கேட்கிறது.

அரபு மொழியில் இச்செடிக்கு 'ஹஷீஷத்துல் கபித்' என்று பெயர். கபித் என்றால் ஈரல். அதன் வடிவம் ஈரலைப் போன்றிருப்பதால் ஈரல் நோய்க்கு அது மருந்தாகும் என்று முற்காலத்து ஐரோப்பியர் நம்பினார்கள். அந்நம்பிக்கையால் வந்த பெயரே பல மொழிகளிலும் நிலைத்துவிட்டது. அதே மூவெழுத்து வேரிலிருந்து வருவது 'கபத்' என்னும் சொல். திருக்குர்ஆனின் 90ஆவது அத்தியாயத்தில், மனிதன் படைக்கப்பட்ட நிலையைச் சொல்லுமிடத்தில் வரும் சொல் அது. பாடு, கடும் உழைப்பு என்பது அதன் பொருள். பல முறை ஓதிக்கொடுத்த சொல்தான். வினைத்திரிபில் தடுமாறி நின்ற ஒரு பிள்ளை, ஒவ்வொரு நாளும் மறுபடி எழுந்து வந்து ஒப்பிக்க முயன்றதும் ஒரு பாடுதான் என்பது எனக்கு அன்று தோன்றவில்லை. நான் அவனிடம் பூவைத் தேடினேன், பாட்டைப் பார்க்கவில்லை.

2018இல் மூணாறு மலைகளில் குறிஞ்சி மீண்டும் பூத்தது. மறுபடியும் அதே பேச்சு. அப்பொழுது அந்தக் காலைநேரம் எனக்கு நினைவு வந்தது. விசாரித்து, கோத்தகிரிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த அவனைத் தேடிச் சென்றேன். அன்று நான் சொன்னது தவறு, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தவன், "அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை, ஹஜ்ரத்" என்றான். சொல்லும்பொழுது தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு முக்காலியைத் துடைத்துப் போட்டு, எனக்குத் தேநீர் வரவழைத்தான். வியாபாரம், பிள்ளைகள், மழை என்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்கு ஞாபகம் இல்லையா, அல்லது எனக்காக அப்படிச் சொன்னானா என்பதை நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது.

"இது எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும்?" என்று அவன் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி ஒன்றுதான். "எனக்குத் தெரியாது. வா, போய்ப் பார்ப்போம்" என்று சொல்லி, அவனோடு பின்புறச் சுவருக்குப் போயிருக்க வேண்டும். அக்கிண்ணங்களையும் குடைகளையும் நான் அன்றே பார்த்திருப்பேன். அவற்றை எனக்குக் காட்டியவன் அவனாக இருந்திருப்பான்.

கணக்குப்படி குறிஞ்சி இனி 2030இல் பூக்க வேண்டும். அதைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர்கள், போகும் வழியில் ஈரம் கசியும் ஒரு பாறை தென்பட்டால் அங்கும் சற்று நின்று, குனிந்து காட்டிச் செல்லுங்கள். எது உயர்ந்தது என்று பிள்ளை கேட்டால், எதில் உயர்ந்தது என்று கேட்கிறாய் எனத் திருப்பிக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை என் ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் நான் கற்றிருந்தால், ஒரு பிள்ளையின் கேள்விகள் அந்தச் சன்னல் வழியே வெளியே போயிருக்க மாட்டா.